ஒரு சுழி கூடுதல்

பிப்ரவரி 4

அகில உலக மருமகள்களுக்கெல்லாம் தலைவியும், ஆறு வயது வரை மூக்கு ஒழுகிக்கொண்டே திரிந்தவளுமான பொடிசுக்கு, உன் தாய்மாமனும் வண்ணச் சக்கரவர்த்தியுமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் வலது முழங்கால் மட்டும் கொஞ்ச நாளாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. அங்கே நீயும், கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தும் உன் புது மாப்பிள்ளையும் நலமா?

அக்கா சொல்லித்தான் தெரிந்தது, நீங்கள் இருவரும் ஏப்ரலில் கார் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலை முழுக்கச் சுற்றப்போகிறீர்களாமே! என்னிடம் ஒரு வார்த்தை? அந்தச் சாலை யாருடையது என்று நினைத்தாய்? சுற்றுலா அலுவலகத்துக்காக அந்தச் சாலையில் ஒரு பலகை விடாமல் எழுதியவன் உன் மாமன். நான் எழுதுவதற்கு முன்னால் அங்கே இருந்தது வெறும் தண்ணீர். எதிரொலி வளைவில் நின்று உன் பெயரைக் கூப்பிட்டால் எழுபது தடவை திரும்பக் கேட்கும். கடைசி தடவை கேட்கும்போது உனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும். கலங்கரை விளக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு படி. மேலே ஏறியவர்களில் பாதிப் பேர் இறங்க மனமில்லாமல் அங்கேயே குடும்பம் நடத்துகிறார்கள். கடைசியில் ஊதுதுளை. பாறையில் ஒரு ஓட்டை, அடியில் கடல். கடலுக்குக் கோபம் வந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் மூக்கைச் சிந்தும், சின்ன வயதில் நீ சிந்தியதைப் போல.

ஒவ்வொரு பலகையின் கீழ்மூலையிலும் ஒரு குட்டிக் காக்கா வரைந்திருப்பேன். அதுதான் என் கையெழுத்து. காக்காவைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகவும். எனக்குக் கைப்பேசி கிடையாது, வாங்கவும் மாட்டேன். பேசினால் என் கையெழுத்தின் அழகு எப்படித் தெரியும்? ஆகவே கடிதம்.

மாப்பிள்ளையின் தராசுக்கு என் ஆசி.

உன் மாமன்

—

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முழங்காலிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டார். கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு வீட்டு ரகசியத்தைச் சொல்கிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா எங்களுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தாள்: “உங்க மாமா என்ன சொன்னாலும் பத்தால வகுத்துக்கங்க.” உங்கள் வீட்டு நாய் முப்பது குட்டி போட்டது என்றால் மூன்று. இருநூறு பேர் உங்களை வழியனுப்ப வந்தார்கள் என்றால் இருபது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே ‘மாமா வகுத்தல்’. கல்யாணமானதும் இவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

“உங்க குடும்பத்துலயே சரியான அளவைன்னா இது ஒண்ணுதான்” என்கிறார். ஆக, எதிரொலி ஏழு, படி நூற்றைம்பது. சரிதானே?

அன்புடன்,
பொடிசு

—

மார்ச் 3

துரோகிகளின் வம்சத்தில் வந்த பொடிசுக்கு மாமன் எழுதுவது. நான் நலமில்லை. உன் கடிதம் கிடைத்ததிலிருந்து நெஞ்சில் ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது. (வகுத்துக்கொள்: ஒரு குன்று.)

இத்தனை வருஷமாக வகுத்துக்கொண்டா இருந்தீர்கள்? நான் கதை சொல்லும்போது அக்கா தலையாட்டினாளே, அது கணக்குப் போட்ட தலையா? அவளுடைய சமையலை நான் புகழ்ந்ததையும் வகுத்தாளா? போகட்டும். தராசுக்காரர் கண்டுபிடித்தது உண்மை. கலங்கரை விளக்கத்துக்கு நூற்றைம்பது படிதான். நான்தான் ஒரு சுழியைக் கூடப் போட்டேன். சுற்றுலா அலுவலகத்து அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது, அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஒரு சுழி கூடப் போட்டதால்தான் அங்கே கூட்டம் வருகிறது. நூற்றைம்பது படி ஏற யார் காரில் வருவார்கள்?

ஆனாலும் மாப்பிள்ளையிடம் சொல். புலியை வாலில் மிதித்துவிட்டார். ஒரு பயணக் குறிப்பு மட்டும் தருகிறேன்: கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் அடுத்த பெட்ரோல் பங்க் எழுபது கிலோமீட்டர்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.

வகுக்கப்பட்ட மாமன்

—

ஏப்ரல் 7

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இது வழியில் ஒரு விடுதியிலிருந்து எழுதுவது. ஜன்னல் திறந்தால் கடல், மூடினால் மீன் நாற்றம். நேற்று முழுக்க மீன் நாற்றத்திலேயே இருந்துவிட்டதால் இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

எதிரொலி நான்கு தடவைதான் கேட்டது. ஏழு வரவில்லை என்று இவர் குறித்துக்கொண்டார். கலங்கரை விளக்கத்தில் இவரே எண்ணி ஏறினார், மேலே போய் “நூத்தம்பது! நூத்தம்பது!” என்று கத்தினார். அங்கே இருந்தவர்கள் ஏதோ விலை சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் காக்காவுக்கு வணக்கம் சொன்னோம். கண் கொஞ்சம் ஓரக்கண்ணாக இருக்கிறது, உங்களைப் போலவே.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்ரோல் காட்டும் முள் கீழே கிடந்தது. “பங்க் ஏழு கிலோமீட்டர்தானே, உருண்டாவது போயிடலாம்” என்றார். ஏழு போனது, பதினேழு போனது. பனை உயரத்துக்குப் பாறையும் கீழே கடலும் இருந்த இடத்தில் கார் நின்றது. இவர் தள்ளினார், நான் ஸ்டீயரிங் பிடித்தேன். வெயிலில் முகம் செங்கல்லாகிவிட்டது. கடைசியில் ஒரு மீன் லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துப் போனார். கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவரை லாரியின் பின்னால் ஐஸ் பெட்டிகளோடு உட்கார வைத்தார். “யாருங்க உங்களுக்கு ஏழு கிலோமீட்டர்னு சொன்னது?” என்று லாரிக்காரர் கேட்டார்.

இவர் இன்னும் சரியாகப் பேசவில்லை மாமா. இன்னும் ஒரு வாரம் இந்த விடுதியில்தான் இருப்போம்; வந்து விழும் பதிலில் ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள்.

பொடிசு

—

ஏப்ரல் 10

மீன் பெட்டியில் பவனி வந்த மாப்பிள்ளையின் தர்மபத்தினிக்கு, வெற்றி வாகை சூடிய மாமன் எழுதுவது. நான் நலமோ நலம். முழங்கால்கூட எழுந்து ஆடுகிறது!

உன் கடிதத்தை டீக்கடையில் உரக்க வாசித்தேன். மாவு மில்காரர் சிரித்துச் சிரித்து டீயை மூக்கால் விட்டார். “திருப்பி வாசிங்க, அந்த ஐஸ் பெட்டி இடத்தைத் திருப்பி வாசிங்க” என்று நான்கு தடவை கேட்டார்கள். ஊர் முழுக்க இப்போது அவருக்கு ஒரே பெயர்: ஏழு கிலோமீட்டர் மாப்பிள்ளை. நானும் சும்மா இருக்கவில்லை. நல்ல தகரத்தில் மஞ்சள் அடித்து, சிவப்பில் எழுதி, பட்டறை வாசலில் மாட்டிவிட்டேன்: ‘ஏழு கிலோமீட்டர் மாப்பிள்ளை ரசிகர் மன்றம். உறுப்பினராக விரும்புவோர் காரைத் தள்ளிக்கொண்டு வரவும்.’ நடுவில் ஒரு மீன், அதன் மேல் கண்ணாடி போட்ட ஒரு முகம். மூக்கு அப்படியே பொருந்தி வந்திருக்கிறது.

நல்ல வார்த்தை கேட்டாயே: உண்மையை எழுதினாலும் வகுக்கிறவரை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது.

சக்கரவர்த்தி

—

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

நலம்.

அந்தக் கடிதத்தை நான் மறைத்து வைத்திருக்கலாம். அதற்குள் இவரே வரவேற்பில் வாங்கி வாசித்துவிட்டார். சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரவு சாப்பாட்டில், “எங்க ஊர்ல நான் போனா கடைக்காரங்க எழுந்து நிக்கிறாங்க. உன் மாமா ஊர்ல நான் மீன் மேல உட்கார்ந்திருக்கேன்” என்றார்.

இப்போது ஊதுதுளைக்குப் பக்கத்து விடுதியில் இருக்கிறோம். பலகையைப் பார்த்தோம். ‘துளைக்கு 30 அடிக்குள் வராதீர். கடல் எழும்பும்.’ கீழே உங்கள் காக்கா. துளை குறட்டை விடுவது போலச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது; தண்ணீர் வரவில்லை. இவர் காக்காவைப் பார்த்ததும், “முப்பதா? ஒரு சுழி கூட. மூணு” என்றார். மூன்றடியில் நின்று படம் எடுத்து உங்கள் டீக்கடைக்கு அனுப்பப்போகிறாராம். “அதையும் வாசல்ல மாட்டட்டும்.”

டீ விற்கிறவரிடம் கேட்டேன். “போர்டுல போட்டிருக்குல்ல?” என்றார். விடுதிக்காரர் போன மாதம்தான் இந்த வேலைக்கு வந்தாராம், அவரும் பலகையைத்தான் காட்டுகிறார். எழுதியது நீங்கள். உங்களைத் தவிரக் கேட்பதற்கு ஆள் இல்லை.

மாமா, ஒரே ஒரு வரி. விளையாட்டு வேண்டாம். முப்பது நிஜமா, இல்லை அதிலும் சுழி இருக்கிறதா? உங்கள் பதில் வரும் வரைக்கும் பாறைப் பக்கம் போவதில்லை என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் உங்களை நம்பிக் கேட்கிறேன் என்பதற்காகவாவது.

பொடிசு

—

ஏப்ரல் 18

சத்தியம் வாங்கும் பொடிசுக்கும் அளவைத் திலகம் மாப்பிள்ளைக்கும் சேர்த்து எழுதுவது. நலம், நலமறிய அவா.

ஆஹா! சிங்கத்தின் குகைக்கே வந்து, “ஐயா சிங்கமே, உங்களுக்குப் பல் நிஜமா?” என்று கேட்கிறீர்கள். முப்பதா, மூன்றா? சொல்லிவிட்டால் என் பிழைப்பு என்னாவது? முப்பது என்றால் வகுப்பீர்கள். மூன்று என்றால் பெருக்குவீர்கள். நான் வாயைத் திறந்தால்தானே உங்கள் வீட்டில் கணக்கு நடக்கிறது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

அளக்கிறதுக்குத்தானே மாப்பிள்ளைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? காரில் அளவு நாடா இருக்குமே. போய் அளக்கட்டும். பலகையிலிருந்து துளை வரைக்கும் நாடா பிடித்துப் பார்த்துவிட்டு, மாமன் புளுகனா புனிதனா என்று முத்திரை குத்தி அனுப்பட்டும். அதற்கும் பயமாக இருந்தால் விடுதியிலேயே இருந்து ஜன்னல் வழியாக அளக்கட்டும். மீன் நாற்றமாவது பழகும்.

ரசிகர் மன்றம் ஆவலோடு காத்திருக்கிறது.

வாய் மூடிய மாமன்

—

ஏப்ரல் 30

மகாகனம் பொருந்திய ஏழு கிலோமீட்டர் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமன் எழுதுவது. இந்நேரம் வீடு திரும்பியிருப்பீர்கள் என்று வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். நலம்தானே? உடம்பெல்லாம் காய்ந்துவிட்டதா, இல்லை இன்னும் சொட்டுகிறதா?

படம் வரும் வரும் என்று பார்க்கிறோம், வரவில்லை. மாவு மில்காரர் உங்கள் மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். தொடை நடுங்கித் தூரத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்று அவர். மூன்றடியில் நின்று முழுசாக நனைந்துவிட்டு வெட்கத்தில் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள் என்று நான். பார்த்தீர்களா, உங்கள் பக்கம் நிற்பது நான் ஒருவன்தான்! தைரியமாக எழுதுங்கள்.

நனைந்த கோழியின் ஆதரவாளன்

—

மே 24

பொடிசு,

நலமா? நான் இருக்கிறேன்.

கோபம் என்றால் கோபம் என்று எழுதிவிடு, நான் பத்தால் பெருக்கிக்கொள்கிறேன். டீக்கடைக்காரர் கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டேன். “நான்தான் பேசறேன்” என்றேன். வைத்துவிட்டாள். திரும்பவும் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பலகைக்கு இவ்வளவு கோபமா? சரி, வாசலில் மாட்டியதைக் கழற்றிவிட்டேன். மழையில் எப்படியும் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளையிடம் சொல், நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளட்டும். எதில் என்று தெரியவில்லை. இருந்தாலும் தோற்றேன்.

ஒரு வரி போடு.

மாமா

—

ஜூன் 29

மாமாவுக்கு,

உங்கள் ஏப்ரல் 18 கடிதம் காலையில் பலகாரம் சாப்பிடும்போது வந்தது. இவரே உரக்க வாசித்தார். “அளக்கட்டும்னு சொல்லிட்டாருல்ல? அளந்துடுவோம்” என்று எழுந்தார். உங்கள் பதில் வரும் வரைக்கும்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். பதில் வந்துவிட்டது.

நல்ல வெயில். கடல் எண்ணெய் தடவியது போல இருந்தது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், கைக்குழந்தைகளோடு. எல்லோரும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஒருவர்கூடத் தாண்டவில்லை. ஒரு அம்மா தன் பையனை, “போர்டுல என்ன போட்டிருக்கு, படி” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவர் நாடாவின் பித்தளை முனையைப் பலகைக் காலில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நாடாப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து போனார், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. துளைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“முப்பது!” என்று கத்தினார். “ஒரு அங்குலம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல! உன் மாமா உண்மையை எழுதியிருக்காரு, பொடிசு!”

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். உங்களைத் தோற்கடிக்கப் போனவர், நீங்கள் ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

தண்ணீர் வந்த சத்தம் எனக்கு ஞாபகமில்லை. நாடா என் கையில் ஒரு தடவை இழுத்தது, பிறகு தளர்ந்தது. பாறை காலியாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். மறுமுனை அறுந்து வந்தது. மறுநாள் படகுக்காரர்கள் அவரைக் கொண்டு வந்தார்கள்.

உங்கள் ஏப்ரல் 30 கடிதம், துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தபோது வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், ஆறுதல் எழுதியிருக்கிறான் என்று அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். ‘இன்னும் சொட்டுகிறதா’ என்ற இடத்தில் நிறுத்தினாள். உங்களுக்கு யார் சொல்வது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மாமா, அந்தப் பாறையில் பலகையை நம்பியவர்கள் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். எழுதியவரைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது எழுதும் காரணம் வேறு. பலகைக் கால் ஆட்டம் கண்டுவிட்டதால் சுற்றுலா அலுவலகம் புதிதாக ஒன்று வைக்கிறது. நடந்ததையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் எழுத வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

பொடிசு

—

ஆகஸ்ட் 12

அம்மா பொடிசு,

பலகை முடிந்தது. நேற்று லாரியில் ஏற்றி அனுப்பினேன்.

நல்ல கனமான தகரம். துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு மூன்று கை பூசினேன், அதன் மேல் வெள்ளை இரண்டு கை. உப்புக் காற்றுக்குத் தாங்கும். எழுத்து கறுப்பு. முதலில் எழுதியதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், எழுத்து நேராக வரவில்லை. ‘துளைக்கு முப்பது அடிக்குள் வராதீர். கடல் எழும்பும். இங்கே ஒருவர் இறந்தார்.’ இவ்வளவுதான். முப்பதை எண்ணால் போடவில்லை, எழுத்தால் போட்டேன். காக்கா வரையவில்லை.

அந்த இடத்தில் முதல் பலகை நட்டபோது கயிறு பிடித்து அளந்தது நானும் அலுவலகத்து ஆளும்தான். ஒரு ஆட்டுக்குட்டியை அந்தத் துளை என் கண் முன்னாலேயே கொண்டுபோயிற்று. அதனால்தான் அதில் மட்டும் சுழி கூடப் போடவில்லை.

டீக்கடைக்குப் போவதில்லை. முழங்கால் நன்றாக இருக்கிறது, போகலாம், போவதில்லை.

அக்காவுக்கு எழுதினால் பிரிப்பாளா என்று கேட்டுச் சொல். நீ நலமா என்று கேட்க வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மாமா

—

செப்டம்பர் 20

மாமாவுக்கு,

பலகையைப் போய்ப் பார்த்தேன். எழுத்து நேராக வந்திருக்கிறது. காக்கா இல்லாததால் உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பித் தள்ளியே நிற்கிறார்கள்.

அம்மா உங்கள் கடிதங்களைப் பிரிப்பதில்லை.

‘இங்கே ஒருவர் இறந்தார்.’ அந்த வரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கம் பாருங்கள், பத்தால் வகுத்துப் பார்த்தேன்.

வகுபடவில்லை.